பதினேழு பேர் படிக்கும் என் இனிப்பு நீர்

பண்டார் தெங்காரா,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா தன் கையாலேயே எழுதுவது. எல்லாரும் நலம் என்று நேற்றுப் போனிலேயே சொல்லிவிட்டாய். ஆனாலும் கடிதம் என்றால் கேட்டே ஆக வேண்டும் என்று முதியோர் எழுத்து வகுப்புக் கஸ்தூரி டீச்சர் சொல்லியிருக்கிறார். நலமா?

மாதக் கடைசிக்குள் சுகர் எட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டு உலு திராமில் உன் பத்தாவது மாடி வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றாய் அல்லவா? சாவி என் சட்டைப் பையிலேயேதான் இருக்கும். காரணத்தைக் கேள்.

பல்கலைக்கழகத்திலிருந்து ரூபினி என்ற பெண் எங்கள் வகுப்புக்கு வந்தாள். இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்று தீராத நோய் உள்ளவர்கள் தங்கள் உடம்பு விவரத்தைத் தாங்களே எழுதி வைக்க ஒரு பதிவேடு உருவாக்குகிறார்களாம். போனில் விரலால் எழுதினால் அச்சாகிவிடுகிறது. என்ன சாப்பிட்டேன், சுகர் எவ்வளவு, எல்லாம் தினமும் எழுத வேண்டும். கடைசியில் ஒரு கேள்வி: யார் யார் இதைப் பார்க்கலாம்? டாக்டரும் பிள்ளைகளும் போதுமாம். எழுபத்தொரு வயதில் முதல்முதலாக எழுதுகிறேன், படிக்க ஆள் வேண்டாமா? உன்னையும் சேர்த்துப் பதினேழு பேரின் பெயரைக் கொடுத்தேன்.

"தாத்தா, இது உங்க சொந்த விஷயம் லா!" என்றாள்.

"எழுதுறதே நாலு பேரு படிக்கத்தானம்மா," என்றேன்.

மறுநாள் வேலுவின் ஒட்டுக்கடையில் தேநீர் குடிக்க உட்கார்ந்தேன். வாயைத் திறக்கும் முன்பே சீனி போடாத தே ஓ வந்து நின்றது. "நேத்து சுகர் பதினாலு. ராத்திரி மூணு ரொட்டி சானாய். எல்லாம் வந்துருச்சு மாமா," என்று போனைக் காட்டுகிறான். கோயிலில் நம் மணியம் என் கையிலிருந்த சர்க்கரைப் பொங்கலைப் பிடுங்கிக்கொண்டு சுண்டலை வைத்தார். "'வயிறு கேட்டது, கொடுத்தேன்'னு எழுதியிருக்கீங்களே, பிரமாதம்! ஆனா பொங்கல் கிடையாதுங்க." பிரமாதம் என்றாரே, அதற்காகவே சுண்டலைத் தின்றேன். ஒருநாள் எழுதாவிட்டால் வாசலில் வந்து, "என்னங்க, இன்னைக்கு ஒண்ணும் வரல?" என்று கேட்கிறார்கள். பொய் எழுதவும் வழியில்லை, வேலுவும் படிக்கிறானே!

வெள்ளிக்கிழமை கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். ரூபினி எங்களுக்காக முடிவைத் தமிழிலேயே அச்சடித்து வைத்திருந்தாள். தாளை வாங்கினேன். கொட்டை எழுத்தில் ஏழு! துள்ளிவிட்டேன். பக்கத்தில் நம் அய்யாவு. தினமும் விடிந்ததும் பாகற்காய்ச் சாறு குடித்துவிட்டு நடக்கிறவன், பாவம், தன் தாளைப் பார்த்து, "பதினொன்னா? அலமாக்!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாளாக வெளியே வரவில்லை, வெறும் வெள்ளரிக்காய்தானாம்.

ஆகவே பத்தாவது மாடி வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் சர்க்கரை சேராமலேயே இனிப்பாக இருக்க முருகன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு, எழுதத் தெரிந்த உன் அப்பா,
ராஜசேகரன்.

பின்குறிப்பு: உனக்கு அனுப்ப அந்தத் தாளை மடிக்கும்போதுதான் எண்ணுக்கு மேலே இருந்த பெயரை வாசித்தேன். அய்யாவு என்று இருக்கிறது. யார் துணையும் இல்லாமல், ஒரே மூச்சில் வாசித்தேன் அம்மா! என் பதினாலு பதினொன்றானதும் இறக்கம்தானே? சாவிக்கு இன்னும் ஒரு மாதம் கொடு. இப்போது அய்யாவு வீட்டுக்குப் போக வண்டி வேண்டும். ஏழு போட்ட தாளைக் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் வெள்ளரிக்காயை வாங்கி வர வேண்டும்.