நானூற்றுப் பன்னிரண்டு மச்சான்கள்

"மச்சான் பேரு விட்டுப்போச்சுங்க."

வேங்கிக்கால் அச்சகத்துக்குள் நுழையும்போதே சக்கரவர்த்தி சொன்னார். அவருடைய மகள் ஓவியாவின் கல்யாணத்துக்கு வாட்ஸ்அப் அழைப்பு. ஆளுக்கொரு பெயர் போட்டு நானூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். இன்னும் அனுப்பவில்லை.

"எந்த மச்சான்?" என்றான் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த குணபாலன்.

"பொண்ணோட தாய்மாமன், புகழேந்தி. பேரு இல்லேன்னா சீர் எடுத்துட்டு வரமாட்டாரு. அவரு வரலேன்னா என் சம்சாரம் என்னைய வீட்டுக்குள்ள விடமாட்டா."

"அஞ்சே நிமிஷம்."

எல்லாக் கோப்பையும் ஒரே தட்டில் திருத்த, குணபாலன் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினான். 'மணமகள்' என்று வரும் வரிக்குக் கீழே புகழேந்தியைச் செருகு, எல்லாக் கோப்பிலும். என்டர் தட்டினான்.

சக்கரவர்த்தி திரையை எட்டிப் பார்த்தார். "என்னங்க, பொண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவுல மச்சான் நிக்கறாரு? கீழ இன்னும் ரெண்டு தரம் நிக்கறாரு."

அழைப்பில் மணமகள் மூன்று இடத்தில் இருந்தாள். குணபாலன் அதை யோசிக்கவில்லை.

பென்டிரைவிலிருந்து திருத்தாத பழைய கோப்புகளை எடுத்தான். வார்த்தை வேண்டாம், வரி எண் போதும். பத்தாவது வரிக்குக் கீழே. என்டர்.

முதல் அழைப்பு சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதைப் பார்த்ததும் சக்கரவர்த்தி எழுந்துவிட்டார்.

"யோவ், மச்சானைச் சாகடிச்சிட்டியேய்யா!"

'தெய்வத்திரு' என்ற தலைப்பின் கீழ், காலமான ஆராயி அம்மாளுக்கு அடுத்து, புகழேந்தி.

"மொத ரெண்டுல உயிரோடதான இருந்தாரு?"

"அது ஊர்க்காரங்களுக்குங்க. அவங்க பேரு ஒரு வரி. சொந்தக்காரங்களுக்குக் 'குடும்பத்தாருடன்'னு இன்னொரு வரி ஜாஸ்தி. அதனால மத்ததெல்லாம் ஒரு வரி கீழ எறங்கிடுச்சு, மச்சான் மேல ஏறிட்டாரு."

"அப்ப சொந்தக்காரங்களுக்கு மட்டும் செத்துட்டாரா?"

"ஆமாங்க."

சக்கரவர்த்தி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குணபாலன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்ற வரி ஒவ்வொரு கோப்பிலும் ஒரே ஒரு தடவைதான் வந்தது. அதற்குக் கீழே புகழேந்தியைச் செருகச் சொன்னான். ஊர்க்காரர் கோப்பு ஒன்றிலும் சொந்தக்காரர் கோப்பு ஒன்றிலும் சோதித்தான். பிறகு எல்லாவற்றிலும் ஓட்டினான்.

நானூற்றுப் பன்னிரண்டிலும் புகழேந்தி உயிரோடு, ஒரே ஒரு ஆளாக, சரியான இடத்தில் இருந்தார்.

"உடனே அனுப்புங்க," என்றார் சக்கரவர்த்தி.

அனுப்பினான்.

வெளியே ஆட்டோவில் காத்திருந்த அவர் மனைவி உண்ணாமலை, கையில் போனோடு உள்ளே வந்தார்.

"எங்க சித்தப்பாவுக்குப் போனதுல கூட அண்ணன் பேரு இருக்குதாமே?"

"எல்லாத்துலயும் போட்டாச்சு," என்றார் சக்கரவர்த்தி பெருமையாக.

"அடப்பாவி மனுஷா, அண்ணனுக்குப் போற ஒண்ணுல மட்டும்தான போடச் சொன்னேன்! அவரு வர்றாருன்னு தெரிஞ்சா வேற ஒருத்தரும் வரமாட்டாங்களே!"