ஞானக்கண்ணும் சம்மதப் பொத்தானும்

ஞானக்கண் சாமியின் மண்டபத்தில் எள் போட்டால் கீழே விழாத கூட்டம். வந்தவர் வாய் திறக்காமலே அவர் மனதில் இருப்பதைப் புட்டுப்புட்டு வைக்கிறாராம்! நிபந்தனை ஒன்றுதான்: சாமியின் செயலியைப் போனில் இறக்கி, அது கேட்பதற்கெல்லாம் 'சம்மதம்' அழுத்தினால்தான் டோக்கன். ஞானத்துக்கும் நெட் வேண்டியிருக்கிறது, பாவம்.

அந்த ஊர்த் தையற்காரி ஒருத்திக்கு இதில் கவலை வந்தது அவள் அக்காவால்தான். அக்காவுக்குச் சர்க்கரை இருப்பதைச் சாமி சொல்லிவிட்டார். மாத்திரையை நிறுத்தி, தான் மந்திரித்த தண்ணீரைக் குடிக்கவும் சொல்லிவிட்டார். குடித்தவள் மாடிப்படியில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாத சீக்குடி! அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ரிப்போர்ட்டு உன் போன்லதானேக்கா கிடக்கு?"

"போடி! சாமிய சந்தேகப்படாதே."

அந்த வாரம்தான் அரசாங்கம் ஒரு மசோதா கொண்டுவந்தது: ஒருவரின் சொந்த விவரங்களைக் காரணம் சொல்லாமல் இணையத்தில் எடுப்பது குற்றம். ஊரில் யாரும் பதறவில்லை, சாமி பதறினார். "தெய்வ காரியத்துக்குத் தடை! எல்லோரும் எதிர்த்துக் குரல் கொடுங்கள்!" விவரமே எடுக்காத சாமிக்கு ஏன் குளிர்காய்ச்சல்? தையற்காரிக்கு அங்கேதான் பொறி தட்டியது.

மறுநாள் பஸ் டிரைவரான கணவனின் போனோடு வரிசையில் நின்றாள். அக்காவையும் இழுத்துவந்திருந்தாள். கேட்டதற்கெல்லாம் சம்மதம் அழுத்தினாள்.

டோக்கன் எண்ணைக் கூவினார்கள். தலைப்பாகை காதை மூட, சாமி கண்ணை மூடினார்.

"ஆத்மாவே! முன்வழுக்கை உன்னை வாட்டுகிறது..."

முழங்கால் வரை பின்னல் தொங்கிய தையற்காரி, "ஆமா சாமி" என்றாள் பவ்யமாக.

"தாடியை எடுக்கச் சொல்லி மனைவி நச்சரிக்கிறாள். டூட்டி என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு மீன் பிடிக்கப் போகிறாய்!"

"அப்படியா? இது எனக்கே புதுசு சாமி!"

எங்கோ ஒரு சிரிப்பு வெடித்தது. சாமி சாதாரணக் கண்ணைத் திறந்தார். விழி பிதுங்கியது.

"அது வந்து... போன ஜென்மம்மா!"

"போன ஜென்மம் இல்ல சாமி, போன் ஜென்மம்! இது என் வீட்டுக்காரர் போன்."

மண்டபமே குலுங்கியது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று மேடையேறித் தலைப்பாகையைப் பிடுங்கினாள். காதுக்குள்ளிருந்து ஒரு கருவி உருண்டு விழுந்தது. திரைக்குப் பின்னால் சீடர் ஒருவர் கணினியில் பக்தர்களின் மெசேஜ்களை மேய்ந்துகொண்டிருந்தார்.

"அடப்பாவி! என் சீக்கைத் திருடிப் படிச்சதுமில்லாம, மாத்திரையையும் நிறுத்தினியேடா!"

சாமியைப் போலீஸ் அழைத்துப்போனது. அக்கா மாத்திரைக்குத் திரும்பினாள். மீன்பிடி விசாரணை தையற்காரி வீட்டில் தனியாக நடந்தது.

கலைந்த கூட்டத்தில் பாதிப் பேர், வேறொரு செயலியில் ராசிபலன் பார்த்துக்கொண்டே நடந்தார்கள்.

சட்டம் வரட்டும், வரவேற்போம். ஆனால் சம்மதத்தை அழுத்துவது நம் விரல். அந்த விரலுக்கு மேலே தலை என்று ஒன்று இருக்கிறதே, அதையும் ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்?