ஓடாத வண்டிக்கு ஊர் தேடியவர்

உலகத்திலேயே ஓடாத வண்டிக்காக அதிகம் ஊர் சுற்றிய மனிதர் எங்கள் பானெட் அண்ணன்தான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வண்டி பெங்களூர் மர்பி டவுனில் என் ஜன்னலுக்குக் கீழே அசையாமல் நிற்கும். அவர் அதற்காக மைசூர், ஊட்டி, குடகு என்று பஸ் ஏறிப் போய்க்கொண்டிருப்பார்.

பேங்க் வேலைக்காகக் குடியாத்தத்திலிருந்து அந்தத் தெருவுக்கு நான் குடிவந்த புதிதில் அவருடைய முகத்தையே பார்த்ததில்லை. தலை எப்போதும் பானெட்டுக்குள் இருக்கும், முதுகுதான் வெளியே. ஒருநாள் மளிகைக்கடையில் யாரோ என்னைப் பார்த்துச் சிரித்தார். யாரென்று தெரியாமல் முழித்தேன். அவர் சர்க்கரை வாங்கத் திரும்பினாரோ இல்லையோ, "அடடா, பானெட் அண்ணனா!" என்றேன். கோவித்துக்கொள்ளவில்லை. எல்லாரும் அப்படித்தான் என்றார்.

அந்த நீல பிக்கப் எந்தக் கம்பெனி வண்டி என்பது யாருக்கும் தெரியாது. பேட்ஜ் விழுந்துபோயிருந்தது. முன்பக்க கிரில் ஏதோ வீட்டு ஜன்னல் கம்பி மாதிரி இருந்தது. என்ஜின் இடையில் வந்து சேர்ந்தது. அண்ணனுடைய அப்பா காலத்து ஆர்.சி. புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. பழைய வண்டிகளின் சங்கத்திலிருந்து ஒரு பெரிய மனிதரை அண்ணன் காலில் விழாத குறையாக அழைத்து வந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், குனிந்தார், தட்டினார், கடைசியில் இந்த மாதிரி பிக்கப்பை உலகத்தில் எந்தக் கம்பெனியும் செய்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். வேறு யாராக இருந்தாலும் மனம் உடைந்திருப்பார்கள். அண்ணன் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தார். உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதானாம், அதுவும் மர்பி டவுனில் இருக்கிறதாம்.

பிறகு அந்தப் பச்சை விவகாரம் ஆரம்பித்தது. கதவோரம் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே போனவர் நீலத்துக்கு அடியில் சாம்பல், சாம்பலுக்கு அடியில் மஞ்சள், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கரும்பச்சையைக் கண்டுபிடித்தார். வண்டி பிறந்தபோது போட்ட நிறம் அதுதான் என்று முடிவுசெய்து, அந்தப் பச்சைச் செதிலைத் தைல டப்பாவில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கண்ணில் படுகிற பச்சைக்கெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். மிலிட்டரி லாரி, சர்ச் கதவு, தபால் ஆபீஸ் ஜன்னல் எதையும் விடவில்லை. ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டு அம்மாவின் பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் டப்பாவோடு குனிந்து, பந்தியில் உட்காராமலே வீடு திரும்ப வேண்டியதாயிற்று. கூடப் போன பாவத்துக்கு எனக்கும் சாப்பாடு போயிற்று.

எதற்கு இந்தப் பாடு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு சோபாவில் உட்கார்ந்து கேட்டேன். கல்யாணம் செய்துகொள்ளாத மனிதரின் அந்த ஒற்றை அறை வீட்டில் சொகுசு என்று இருந்தது அந்த சோபா மட்டும்தான். மரக் கை, மரக் கால், மேலே பூப்போட்ட துணி. உட்கார்ந்தால் ஸ்பிரிங் ஒருமுறை தூக்கிப் போட்டுத்தான் ஏற்றுக்கொள்ளும்.

அண்ணன் டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார். அவருடைய அப்பா ஒரு கார் வைத்திருந்தார். வார நாட்களில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வாடகைக்கு ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பின்சீட்டில் அம்மா உட்கார்ந்து சர்ச்சுக்குப் போவார், மடியில் இவர். காரின் நிறம்கூட அண்ணனுக்கு நினைவில்லை. நினைவில் இருந்ததெல்லாம் அம்மாவின் மடியும், தொடக்கூடாது என்று சொல்லப்பட்ட ஜன்னல் கைப்பிடியும்தான். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்டார். இவரைக் கோலார் தங்கவயலில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். திரும்பி வந்தபோது வாசலில் கார் இல்லை, இந்த பிக்கப் நின்றது. கார் எங்கே என்றதற்கு அப்பா "போச்சுடா" என்றார். அதற்குப் பிறகு அவர் சாகும்வரை அப்பாவும் பிள்ளையும் காரைப் பற்றிப் பேசவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசவில்லை.

"அம்மா உக்காந்த காரைக் குடுத்துட்டு இதை வாங்கிக்கினு வந்தாரு சார். அப்போ இது எவ்ளோ பெரிய வண்டியா இருக்கணும்? அது மட்டும் தெரிஞ்சா போதும், எங்கப்பாவை மன்னிச்சுடுவேன்" என்றார்.

அதற்குப் பிறகு டப்பாவைப் பார்த்து நான் சிரித்ததில்லை. குடகுக்குக்கூட நானே கூடப் போனேன். ஒரு எஸ்டேட் கேட்டின் பச்சையை ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாய் துரத்தியதில் என் செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

போன வருஷம் டிராபிக் போலீஸ் வண்டியின் கண்ணாடியில் ஒரு நோட்டீஸை ஒட்டியது. கேட்பாரற்று நிற்கிற வண்டி, எடுக்காவிட்டால் நாங்கள் இழுத்துக்கொண்டு போவோம் என்று. பழமையான வண்டி என்று பதிவு செய்துகொண்டால் தப்பிக்கலாம் என்றார் கான்ஸ்டபிள், கன்னடத்தில், நல்ல மனிதராகத்தான். அதற்கு அது என்ன வண்டி, எந்தக் காலத்து வண்டி என்று சொல்லியாக வேண்டும். அண்ணன் சாப்பாட்டை விட்டார். பானெட்டுக்கு வெளியே தெரிந்த முதுகு இளைத்துக்கொண்டே போனது.

ஆறுதல் சொல்லலாம் என்று ஒரு சாயங்காலம் போனேன். மனக்கஷ்டத்தோடு உட்கார்ந்தால் என் எடை கூடிவிடும் போலிருக்கிறது. சோபாவின் ஒரு கால் முறிந்து, மரச் சட்டம் பிளந்து, நான் தரைக்கு வந்தேன். கைகொடுத்துத் தூக்க வந்த அண்ணன் என்னைத் தூக்கவில்லை. கிழிந்த துணிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார். மரத்துக்குள் ஒரு இரும்புச் சட்டம் இருந்தது. அதில் கரும்பச்சை பெயிண்ட்.

டப்பாவைத் திறந்து செதிலை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரே பச்சை.

மறுநாள் காலை நீலசந்திராவுக்குப் போனோம். அங்கே அவருடைய அப்பாவின் அக்கா ரோசி அத்தை இருக்கிறார். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர், இதைக் கேட்கவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்பதுபோலப் பார்த்தார்.

"காரை எங்கடா வித்தான்? அறுத்தான். உங்கம்மா போனப்புறம் கண்ணாடில பாத்தா பின்சீட்டு காலியா தெரியுது, ஓட்ட முடியலக்கான்னு அழுதான். சிவாஜி நகர் பட்டறைல குடுத்துப் பின்பக்கத்தை அறுத்து லோடு வண்டியாக்கினான். சீட்டை மட்டும் வீச மாட்டேன்னு வீட்டுக்குத் தூக்கினு வந்துட்டான். உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். தெனம் அதுமேலதானே உன்னைப் படுக்க வெச்சான்?"

அண்ணன் தரையில் கிடந்த பூண்டுத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு அழுதார். அறுபது தாண்டிய ஒரு மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்கும் தாங்கவில்லை.

அறுத்த கார் பழமையான வண்டிக் கணக்கில் வராது என்று சங்கத்துப் பெரியவர் போனில் சொல்லிவிட்டார். அண்ணன் சரி என்றதோடு விட்டுவிட்டார். இழுத்துப் போக வருவதாகச் சொன்ன அன்று விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார். பிக்கப்பின் பின்னால் தரைத் தகட்டைப் பெயர்த்திருந்தார். அடியில் சீட்டை முடுக்கியிருந்த பழைய ஓட்டைகள் இருந்தன. சோபாவின் மரத்தைக் கழற்றிவிட்டுச் சீட்டைத் தூக்கி வைத்தோம். நாலு மூலையும் இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"சார், கொஞ்சம் மேல ஏறி அதுல உக்காருங்க. லெப்ட் சைடுல. அம்மா எடம்."

பால் வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்க்க, கைலியும் மீசையுமாக நான் திறந்த வண்டியில் சீட்டு போட்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணன் முன்னால் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தார். கேபினுக்குள் இருந்த கண்ணாடியைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்பா பார்த்த அதே இடத்தைப் பார்த்தார். பிறகு என்னை இறங்கச் சொன்னார். காலி சீட்டையும் ஒருமுறை பார்த்தார்.

"முடியாது சார். சும்மா சொல்லல, நெஜமாவே ஓட்ட முடியாது. பாவம் எங்கப்பா" என்றார்.

சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தோம். வெயில் ஏறியதும் வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அண்ணன் தடுக்கவில்லை. பானெட்டைத் தன் கையால் மூடி, ஒரு தட்டுத் தட்டி அனுப்பினார். அதற்குப் பிறகு தெருவில் அவர் முகத்தைத் தினமும் பார்த்தோம். நல்ல முகம்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் தூக்கத்திலேயே போய்விட்டார். சீட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டது, அவர் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாராம். வருகிறவர்களை லெப்ட் சைடில் நான் உட்கார விடுவதில்லை. அது அவருடைய அம்மாவின் இடம். வலது ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கிறேன். அந்த முதுகைக் காணாமல் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.