மழைக்கு அப்புறம் என்ன ஆச்சு?

வரும் ஞாயிற்றுக்கிழமை ஹாலிவுட்டை ஒரு கை பார்த்துவிடுவது என்பது அசல் முடிவு. அதாவது, அசல் என்பவர் எடுத்த முடிவு.

அவருக்கு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. நாள் முழுக்க அச்சான தாளையும் எழுதியவர் கொடுத்த பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து, எதைக் கண்டாலும் "இதோட அசல் எங்கே?" என்று கேட்கும் வியாதி பிடித்துவிட்டது. ஊரும் அவரை அசல் என்றே ஆக்கிவிட்டது.

வம்பை இழுத்துவிட்டவன் மைத்துனன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். படத்திலும் கார் பறந்தால்தான் அவனுக்குப் படம். அப்படி ஒரு படம்: மனைவியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள்; கணவன் ஹெலிகாப்டரில் தொங்கிப் பாலத்தை வெடி வைத்துத் தகர்த்து அவளை மீட்கிறான். அந்த ஹாலிவுட் படத்தை அவன் தலையில் வைத்துக் கொண்டாட, அசலுக்குப் பொறுக்கவில்லை. "அது பிரெஞ்சுப் படத்தோட நகல்டா! அசலைப் பார்த்தவன் இதைத் தொடுவானா?" என்று விட்டார் ஒரு போடு.

"அப்போ நூலகத்துல நம்ம திரைப்பட மன்றத்துல ரெண்டையும் ஒப்பிட்டுப் பேசுங்க மாமா" என்று அவனும் பிடித்துக்கொண்டான்.

பேசலாம். பேச்சுக்கா பஞ்சம்? ஆனால் பிரெஞ்சுப் படத்தின் முடிவை அசல் பார்த்ததே இல்லை. அதில் ஹெலிகாப்டர் கிடையாது. கணவன் தெருத்தெருவாக நடந்து தேடுவான். பிறகு மழை பெய்யும். மழை என்றால் அப்படி ஒரு மழை, விடாமல் பெய்யும். எத்தனை தடவை போட்டாலும் அந்த மழையில் அசல் தூங்கிப் போவார். இது மைத்துனனுக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்.

அந்தப் பயத்தை மறைக்கத்தான் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மூலத்தைப் பத்திப் பேசப்போறேன். அவசியம் வாங்க."

மருந்துக்கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதெல்லாம் சபையில பேசுற விஷயமா சார்? கடைக்கு வாங்க, நல்ல களிம்பு இருக்கு."

"மூலப் படம் சார்! பிரெஞ்சு!"

"பிரெஞ்சுக்காரனுக்கும் அதே களிம்புதான்."

சனிக்கிழமை மத்தியானம் கடைசி முயற்சி. பக்கத்தில் மனைவி யாருடைய கால்சட்டைக்கோ ஓரம் அடித்துக்கொண்டே படம் பார்த்தாள். மழை வந்தது. அசல் போனார்.

கண் விழித்தபோது திரை கறுத்திருந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முடிவு என்ன என்று கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அசலுக்கு ஒரு யோசனை உதித்தது.

"உனக்குப் படம் புரிஞ்சுதா?"

"ஏதோ புரிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"எங்கே, மழைக்கு அப்புறம் என்ன ஆச்சு, சொல்லு பார்ப்போம். சரியா தப்பான்னு நான் சொல்றேன்."

அவள் பல்லால் நூலைக் கடித்துவிட்டு, அவர் கன்னத்தில் பதிந்திருந்த தலையணைக் கோட்டைப் பார்த்தாள். "சொல்லவா?"

"சொல்லும்மா."

"அவ தப்பிச்சு வீட்டுக்கு வந்துடுறா. அவன் ஒண்ணுமே கேக்கல. நேரா சமையலறைக்குப் போறான். அவ இல்லாதப்போ குவிஞ்ச பாத்திரம் அத்தனையும் கழுவுறான். டீ போடுறான். பக்கத்துல உக்காந்து, 'சொல்லு'ங்கறான். அவ பேசப் பேசக் கேட்டுட்டே இருக்கான். நடுவுல பேப்பரைக் கையில எடுக்கல. அவ்வளவுதான் படம்."

"ம். சரியாத்தான் புரிஞ்சிருக்கே" என்றார் அசல், வாத்தியார் தோரணையில்.

ஆனால் மனசுக்குள் என்னவோ சுருக்கென்றது. இவளும் தினம் சாயங்காலம் பேசுகிறாள். அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து "ம்" கொட்டுகிறார். யாரோ எழுதியதில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனால் துடிக்கிற மனுஷன், இவள் பேச்சில் எத்தனையோ பக்கத்தைத் தவறவிட்டிருக்கிறார். உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

அந்த வெட்கம்தான் ஞாயிற்றுக்கிழமை பேச்சில் கொட்டியது. "பாலத்தைத் தகர்க்க வெடி இருந்தால் போதும். உட்கார்ந்து கேட்க மனசு வேண்டும்! காப்பாற்றுவது ஒரு நாள் வேலை. கூட இருப்பது தினசரி வேலை. நகல் முதலாவதைக் காட்டுகிறது, அசல் இரண்டாவதை! இந்தச் சபையில் சொல்கிறேன், இன்று முதல் என் வீட்டுப் பாத்திரங்கள் என் பொறுப்பு. என் மனைவி பேச, நான் கேட்பேன்!"

கைதட்டல் அடங்கவே இல்லை. மைத்துனனே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "அசத்திட்டீங்க மாமா. அந்தக் கடைசிக் காட்சியை எல்லாரும் பார்த்துடுவோம். பென் டிரைவ்ல கொண்டாந்திருக்கேன்."

படம் ஓடியது. மழை விட்டது. அவள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மேஜையில் இரண்டு கோப்பைகளை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தெருவின் எதிர்ச் சாரியில் அவன் நின்று ஜன்னலைப் பார்க்கிறான். வெகு நேரம் பார்க்கிறான். திரும்பி நடந்து போய்விடுகிறான். முடிந்தது.

விளக்கைப் போட்டார்கள். "மாமா, நீங்க சொன்ன பாத்திரம் ஒண்ணுகூடப் படத்துல இல்லையே!"

"நடிக்கிற பாத்திரமா, கழுவுற பாத்திரமா?" என்று சந்தேகம் கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

அசல், பெண்கள் வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடைக்காரரின் மனைவி எழுந்தாள். "படம் எப்படியோ போகட்டும். சார் சொன்ன முடிவுதான் நல்லா இருக்கு. ஏங்க, காதுல விழுந்துச்சா?" பெண்கள் வரிசை முழுக்கக் கைதட்டியது. ஆண்கள் எல்லோரும் அசலை முறைத்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் அசல் பொருமினார். "இப்படிக் கவுத்துட்டியே!"

"பரீட்சை வெச்சது நீங்க. சரின்னு மார்க் போட்டதும் நீங்க."

"அதுக்காக அசலை மாத்துவியா?"

"ஹாலிவுட்காரன் ஒரு பாலத்தையே உள்ள கொண்டாந்து வெச்சான். நான் நாலு பாத்திரத்தை வெச்சா குத்தமா?" தெருமுனை திரும்பியதும் அவள் குரல் இறங்கியது. "ரெண்டு கப் எடுத்து வெச்சுட்டுக் காத்திருக்கா அவ. வீடு வரைக்கும் வந்தவன் உள்ள வராம போறான். எனக்கு மனசே கேக்கல."

அசலுக்குக் கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

வீட்டைத் திறந்தார்கள். சமையலறைத் தொட்டியில் பாத்திரம் மலையாகக் கிடந்தது. அசல் கடைசியாக ஒரு முறை சட்டம் பேசிப் பார்த்தார். "அசல்லதான் பாத்திரமே இல்லையே. அப்போ நான் சபையில சொன்னதும் செல்லாது."

"அசல்ல அவன் வீட்டுக்குள்ள வரவே இல்லைங்க. நீங்க வந்துட்டீங்க. கழுவுங்க."