ஆளுக்கொரு வெரித்தே

சேசு மரி சூசை துணை

அரியாங்குப்பம்,
12-4-1982

மிகுந்த மரியாதைக்குரிய மச்சான் அந்துவான் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜெயத்தின் வீட்டுக்காரன் தேவதாஸ் எழுதிக்கொள்வது. என் வேலை ஒன்று நீங்கலாக, இங்கே நாங்கள் எல்லாரும் எல்லாவகையிலும் சுகம். அங்கே பிரான்சில் மார்செய் பட்டணத்தில் தாங்களும் அக்காவும், தங்கள் முட்டிவலி நீங்கலாக, சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். வேலை நீங்கலாக என்று படித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருப்பீர்கள். தயவுசெய்து மாட்டிக்கொண்டு கடைசிவரை படியுங்கள்.

தட்டாஞ்சாவடியில் தகர டப்பாவுக்கு மூடி அடிக்கிற கம்பெனி நடத்துகிற உங்கள் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் ராமலிங்கம் முதலாளியிடம் என்னை ஸ்டோர் கீப்பராகச் சேர்த்துவிட்டது தாங்கள்தான். அந்த நன்றியை நான் மறக்கவில்லை, மறந்தாலும் ஜெயம் விடமாட்டாள். நாற்பது நாள் தபசு காலம் தொடங்கின வாரம், எங்கள் பிரஸ் மெஷினில் வேலை செய்கிற பாவாடை என்கிறவன் வலது கையில் இரண்டு விரலை அந்த மெஷினுக்குக் கொடுத்துவிட்டான். கை உள்ளே போகாதபடி தடுக்க அதற்கு ஒரு இரும்பு வலை உண்டு, கார்டு என்போம். அது இருந்தால் வேலை ஓடவில்லை என்று பொங்கலுக்கு முன்பே முதலாளி கழற்றச் சொல்லிவிட்டார். கழற்றினது என் ஸ்டோரில் பழைய கோணிகளுக்குக் கீழே கிடந்தது. தொழிலாளர் ஆபீசிலிருந்து விசாரிக்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, டீ வரவழைத்தார். இத்தனை வருஷத்தில் அவர் அறையில் எனக்குக் கிடைத்த முதல் டீ. கார்டு மெஷினில்தான் இருந்தது, பாவாடை தானாகக் கழற்றிவிட்டு வேலை செய்தான் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதுமாம். சொன்னால் பாவாடைக்கு நஷ்டஈடு கிடையாது. சொல்லாவிட்டால் எனக்கு வேலை கிடையாது. நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து அவர் கோபித்துக்கொள்ளவில்லை, தத்துவம் பேசினார்.

"உண்மைன்னு தனியா ஒண்ணு எங்கய்யா இருக்குது, தேவதாசு? நீ நிக்கிற எடத்துலேருந்து ஒண்ணு தெரியும், நான் நிக்கிற எடத்துலேருந்து ஒண்ணு தெரியும். ரெண்டும் உண்மைதான்."

நான் நிற்கிற இடத்திலிருந்து கோணி தெரிந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே தங்கள் கடிதமும் வந்தது. முதலாளி தங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறார் என்று முதல் வரியிலேயே தெரிந்தது. கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னீர்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரே வெரித்தே என்றிருந்தது அந்தக் காலம், இப்போது பிரான்சில் படித்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு வெரித்தே உண்டு என்றுதான் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். மச்சான், நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். பட்டாளத்துக்குப் போனதில் தங்களுக்கு றகரம் மறந்துவிட்டது, வெறித்துப் பார்ப்பதைத்தான் இப்படித் தப்பாக எழுதியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு விதமாக வெறிக்கிறார்களாம், அங்கே குளிர் ஜாஸ்தி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து வெறிப்பார்கள் போலிருக்கிறது என்று ஜெயத்திடம் படித்துக் காட்டினேன். அண்ணனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று அவள் தங்களுக்காக ஒரு ஜெபமாலை முழுக்கச் சொன்னாள். பிறகு நம் கோயில் பெரிய சாமியாரிடம் அந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டபோதுதான், அது பிரெஞ்சு, உண்மை என்று அர்த்தம் என்றார். அந்த ஜெபமாலை வீண்போகாது என்று நம்புகிறேன்.

இதற்கு நடுவில் எனக்கு இன்னொரு உத்தியோகம் கிடைத்திருந்தது. நம் கோயிலில் சேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கு நாடகத்தில், அவரை விசாரிக்கிற ரோம அதிகாரி பிலாத்துவாக வருஷா வருஷம் நடித்த வாத்தியாருக்குக் காரைக்காலுக்கு மாற்றலாகிவிட்டது. நாடகத்தை நடத்துகிற சின்ன சாமியார் ஒருநாள் பூசை முடிந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, என் தொப்பையில் ரோமாபுரியின் களை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிலாத்துவுக்கு வசனம் அதிகமில்லை. சேசுவைப் பார்த்து "உண்மை என்றால் என்ன?" என்று கேட்கவேண்டும், கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட வேண்டும். வேதாகமத்தில் அப்படித்தான் இருக்கிறதாம், அவன் பதிலுக்கு நிற்கவில்லையாம். எனக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்திருந்தது. கேள்வியும் கேட்டாயிற்று, வம்பும் இல்லை.

ஆனால் மனசு கேட்கவில்லை. யாரிடமாவது சொல்லி ஆற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், இந்த நாடகத்தால் ஊரில் ஒருத்தரும் என்னை நம்பவில்லை. பெரிய சாமியாரிடம் போய், சாமி, ஒருத்தருக்கு உண்மையாக இருப்பது இன்னொருத்தருக்குப் பொய்யாக இருக்கலாமா என்று கைகூப்பிக் கேட்டேன். அவர் முகம் மலர்ந்து என் முதுகில் தட்டி, பிலாத்துவை நன்றாகப் பிடித்துக்கொண்டாய், குரலை மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற்று என்றார். ஜெயத்தை எழுப்பி, உண்மை என்றால் என்னடி என்று கேட்டேன். வசனம் மனப்பாடம் ஆகவில்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சைக்கிளில் பாலம் தாண்டும்போது தனியாகப் புலம்பிக்கொண்டு போனால், எதிரே வருகிறவர்கள் இறங்கி நின்று கும்பிடு போட்டுப் பாராட்டினார்கள். நிஜமாகவே தவிக்கிற மனுஷனுக்கு இப்படி ஒரு சோதனை வரக்கூடாது மச்சான்.

சேசுவாக நடித்தது லூர்து. தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் விடுகிறானே, அந்த லூர்துதான். தாடியும் ஒட்டின வயிறும் பார்த்து எடுத்துவிட்டார்கள். அவன் வாய் மூடி ஒருவரும் பார்த்ததில்லை. ஒத்திகையில், இன்னின்னார் பாக்கியவான்கள் என்று வரிசையாக வருகிற மலைப்பிரசங்கத்தை அவன் சொன்ன வேகத்தில், பாக்கியவான்கள் எல்லாரும் கூடை கூடையாக விலைபோய்விட்டார்கள். மௌனமாக நிற்கிற இடங்களில் சின்ன சாமியார் அவன் வாயில் ஒரு ஏலக்காயைப் போட்டு, இதைக் கடிக்காமல் நில்லப்பா என்று கெஞ்சுவார். கடித்துவிட்டுப் பேசுவான்.

குருத்தோலை ஞாயிறு சாயங்காலம் நாடகம். கோயில் மைதானம் நிறைந்துவிட்டது. சுற்றுக் கிராமத்து இந்து ஜனங்களும் வருஷந்தோறும் வருவார்கள் அல்லவா, அவர்களோடு பாவாடையும் வந்து முன்வரிசை மணலில், கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தலைக்கிரீடம் தளர்ந்தது. இருந்தாலும் வசனம் தடுமாறவில்லை. லூர்துவைப் பார்த்து, உண்மை என்றால் என்ன என்று கேட்டேன். பெரிய சாமியார் சொன்னபடி குரலையும் ஏற்றினேன். திரும்பினேன், கதவைத் தள்ளினேன். கதவு திறக்கவில்லை.

தோளால் முட்டினேன். அசையவில்லை. அடுத்த காட்சிக்கு வேண்டிய சிலுவையை, பனைமரத்தில் அறுத்தது, ஆளுயரத்துக்கு மேல், யாரோ புண்ணியவான்கள் கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சின்ன சாமியார் போ போ என்கிறார், எங்கே போக? உண்மையான பிலாத்துவுக்குக் கதவு திறந்துவிட்டது மச்சான், அவன் தப்பித்துப்போய்விட்டான். எனக்குத் திறக்கவில்லை. அப்போதுதான் கடலை விற்கிற குஞ்சம்மாள் கூட்டத்திலிருந்து சொன்னாள். கத்திக்கூடச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"கேள்வியக் கேட்டுட்டு எங்கடா ஓடற? நின்னு பதிலக் கேட்டுக்கினு போ."

வேறு வழியில்லாமல் திரும்பினேன். லூர்து பேசவில்லை. வாயில் ஏலக்காயும் இல்லை. கண்ணைக் கொட்டாமல் என்னை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குப் பயம் வந்துவிட்டது மச்சான், சொல்ல வெட்கமில்லை. உண்மை நானே என்று சொன்ன சேசுவை எதிரில் நிறுத்திவைத்துக்கொண்டு உண்மை என்றால் என்ன என்று கேட்பது, இலையில் சோற்றைப் போட்டபிறகு சோறு எங்கே என்று கேட்பது மாதிரி அல்லவா? அவர் ஏன் வாயைத் திறக்க வேண்டும்? பதில்தான் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறதே. நான் எங்கே நின்று பார்த்தாலும் அது நகரப்போவதில்லை, நான்தான் நகர வழியில்லாமல் நிற்கிறேன் என்று தோன்றியது. அந்த நிமிஷத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது கோணிக்குக் கீழே கிடக்கிற கார்டு. அது முதலாளிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று இரண்டு கார்டாக இல்லை. ஒன்றுதான் கிடந்தது.

பின்னால் சிலுவை தடாலென்று விழுந்து, ஒரு ரோமச் சேவகனின் கட்டைவிரலை நசுக்கி, கதவு தானாகத் திறந்துகொண்டது. வெளியே போய், இந்த மனிதனிடம் நான் ஒரு குற்றமும் காணவில்லை என்று சொன்னேன். ஜனங்களைப் பார்த்துச் சொல்லவேண்டிய வசனம், பாவாடையைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அவனும் மரியாதைக்குத் தலையாட்டினான். அடுத்தது, இந்தப் பழி எனக்கில்லை என்று பிலாத்து கை கழுவுகிற கட்டம். சொம்பைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள், எனக்குக் கை வரவில்லை. நான் கழுவாவிட்டால் லூர்துவைச் சிலுவையில் அறைய முடியாது, நாடகம் அங்கேயே நின்றுவிடும் என்பதால் கழுவினேன். துடைத்துக்கொள்ள மட்டும் மனம் வராமல் ஈரக்கையோடு நாடகம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை ஆபீசர் வந்தார். கார்டு இருந்ததா என்று கேட்டார். பக்கத்து நாற்காலியில் முதலாளி தொண்டையைக் கனைத்தார். அவர் சொல்லிக்கொடுத்த வசனம் எனக்கு மறக்கவில்லை, ஆனால் வாய்க்கு வரவில்லை.

"மெஷின்ல கார்டு இல்ல சார். ஸ்டோர்ல கோணிக்குக் கீழ இருக்குது. வாங்க, காட்டறேன்."

ஆபீசர் வந்து, குனிந்து, கோணியைத் தூக்கிப் பார்த்தார். முதலாளி கத்தவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். வீட்டில் ஜெயம் அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஆனால் அன்று சோறு போட்டபோது என் தட்டில் மட்டும் ஒரு துண்டு மீன் கூடுதலாக இருந்தது. அந்தத் தைரியத்தில்தான் மச்சான் எழுதுகிறேன். தங்கள் சிநேகிதரிடம் தங்கள் பெயர் கெட்டுவிட்டது, அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். ஆனால் தங்கள் பிரான்சு வெரித்தே எனக்குச் சரிப்படவில்லை. லூர்து வெறித்த வெறிப்பில் என் உண்மை, உன் உண்மை எல்லாம் பொசுங்கிப்போய்விட்டது. ஆண்டவரே அந்தக் கண் வழியாக என்னைப் பார்த்தார் என்று உறுதியாக நம்புகிறேன்.

தங்களுக்கும் அக்காவுக்கும் பாஸ்கு திருநாள் ஆசீர் நிறைய உண்டாகட்டும், முட்டிவலிக்கு உயிர்ப்பு வராமல் இருக்கட்டும் என்று வேண்டுகிற,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
தேவதாஸ்

பி.கு. இதை ஒட்டுவதற்குப் பசை எடுக்கும்போது லூர்து வந்தான். அந்தப் பார்வைக்காக அவன் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நான் எங்க மாமா ஒன்னப் பாத்தேன்? ஒந் தலைக்கு மேல லைட்டு ஒயரு பொகஞ்சிக்கினு இருந்துது. கத்தலாமா வேணாமான்னு பாத்துக்கினு இருந்தேன். சேசு கத்துனா நல்லாவா இருக்கும்?" உள்ளேயிருந்து ஜெயம், ஒரு ஒயருக்காக வேலையை விட்டீங்களா என்று கேட்டாள். அதுதான் அவள் ஐந்து நாளைக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு. கடிதத்தைக் கிழித்துவிட்டு, அனுசரித்துப் போயிருக்கலாம், மன்னியுங்கள் என்று வேறு எழுதலாம் என்று தாள்கூட எடுத்துவிட்டேன். எழுத வரவில்லை. லூர்து பார்த்தது என்னை இல்லை, ஒயரைத்தான் என்றால் அதுவும் உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். மேலே எழுதினதில் ஆண்டவரின் பார்வை என்கிற வரியைத் தாங்களே அடித்துவிடுங்கள். ஆனால் அவன் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்திலும், மச்சான், கார்டு கோணிக்குக் கீழேதான் கிடந்தது.