முள்ளம்பன்றி சற்குணம் சண்டைக்குப் போகாத கதை

ஒரு காட்டில் ஆற்றுக்குத் தெற்கே பன்றிகளும் வடக்கே கரடிகளும் குடியிருந்தன. இரு கரைக்கும் சேர்த்து ஒரே சபை, ஒரே உபதேசியார். அவர் ஒரு கொக்கு. தனியாக அங்கி தைக்கத் தேவையில்லாத உடம்பு. ஞாயிற்றுக்கிழமை வந்தால் பன்றியும் கரடியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, பகைவரை நேசிப்போம் என்று பாடிவிட்டுக் கைகொடுத்துப் பிரியும். பகைவர் யாரும் இல்லாததால் பாட்டு சுலபமாக வந்தது.

அந்த வருஷம் ஆற்றின் நடுத்திட்டில் நின்ற இலுப்பை மரம் கொட்டோ கொட்டென்று பூத்தது. இலுப்பைப் பூ என்றால் இரண்டு கூட்டத்துக்கும் உயிர். மரம் யாருடையது என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. திங்கட்கிழமை யுத்தம் அறிவித்துவிட்டார்கள்.

உபதேசியார் காலையில் தெற்குக் கரைக்குப் போய்ப் பன்றிகளின் பற்களை ஆசீர்வதித்தார். சாயங்காலம் வடக்கே பறந்துபோய்க் கரடிகளின் நகங்களை ஆசீர்வதித்தார். ஜெபம் ஒன்றுதான். கரையின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்.

தெற்குக் கரையில் சற்குணம் என்ற முள்ளம்பன்றி, மனைவி மோட்சத்தோடு வாழ்ந்துவந்தான். படைக்கு ஆள் எடுக்கும் வரிசையில் அவனையும் டோக்கன் கொடுத்து நிறுத்தினார்கள். குமாஸ்தா குரங்கு அவன் முதுகைப் பார்த்துப் பூரித்துப்போனது.

"ஓய், நீரு ஆயுதத்தோடயே பிறந்த ஆளு! முதல் வரிசை."

"நான் சண்டைக்கு வரல சார். பகைவரை நேசிக்கணும்னு ஞானஸ்நானத்துல வாக்குக் கொடுத்திருக்கேன்."

"அப்படியா? அதுக்கு அந்தப் பக்கம் கவுண்டர். மனசாட்சிப் படிவம் மூணு நகல். உபதேசியார்கிட்ட நற்சான்றிதழ் வேணும்."

சற்குணம் உபதேசியாரிடம் போனான். கொக்கு நெளிந்தார்.

"தம்பி, அது தனி ஆளுக்குச் சொன்னது. உம்மை ஒருத்தன் அறைஞ்சா மறுகன்னத்தைக் காட்டும். கரைக்கே அறை விழுந்தா அது வேற விஷயம்."

"கரைக்குக் கன்னம் கிடையாதா ஐயா?"

கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மற்றக் காலால் பேனாவை எடுத்தார். பிறகு சான்றிதழில் எழுதினார்: 'நல்லவர். தேவைக்கு அதிகமாக.'

மறுநாள் நேர்காணல். தளபதி கிதியோன் என்ற கிழட்டுப் பன்றி கேட்டார்: "உன் பெண்டாட்டியை ஒரு கரடி தாக்க வந்தா என்ன செய்வே?"

சற்குணம் வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த மோட்சம் முந்திக்கொண்டாள். "இத்தனை வருஷத்துல ஒரு கரடியும் எங்க வளைப் பக்கம் வந்ததில்ல. நேத்து விடியக்காலம் வந்து வாசலை இடிச்சது உங்க ஆளுங்கதான்."

படிவம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: மனைவி குறுக்கே பேசினார்.

சண்டை நடுப்பகலில் தொடங்கியது. இரு கரையிலிருந்தும் பாறைகளை உருட்டினார்கள். ஒரு கரடிச் சிப்பாய் கால் நசுங்கி, இலுப்பை மரத்தடியில் விழுந்து, "தண்ணி, தண்ணி" என்று முனகினான். சுற்றிலும் ஆறு ஓடியது. அவனுக்கு எட்டவில்லை.

 முதல் வரிசையில் நின்ற சற்குணம் முள்ளைப் படிய மடக்கிக்கொண்டு, ஒரு தேக்கிலையில் தண்ணீர் மொண்டு, உருண்டுவரும் பாறைகளுக்கு நடுவே திட்டுக்கு நடந்தான். கரடிக்குத் தண்ணீர் புகட்டி, காலைக் கொடியால் கட்டினான்.

கத்திக்கொண்டிருந்தவர்கள் கத்தலை நிறுத்தினார்கள். ஒரு பன்றி, "எனக்கும்தான் தாகமா இருக்கு" என்று ஆற்றில் இறங்கியது. எதிரே ஒரு கரடி இறங்கியது. சாயங்காலத்துக்குள் இரண்டு படையும் மரத்தடியில் உட்கார்ந்து பூ தின்றுகொண்டிருந்தன. எல்லோரும் தின்று ஏப்பம் விட்ட பிறகும் பூ மிச்சம் கிடந்தது.

தளபதிகளுக்கு இது பொறுக்கவில்லை. கிதியோனும், கரடிகளின் தளபதி யோசுவாவும் யுத்தம் அறிவித்த பிறகு முதல் தடவையாக நேரில் சந்தித்தார்கள்.

"அந்த முள்ளு உம்ம ஆளா?" என்றார் யோசுவா.

"என் படையிலதான் நின்னான். ஆனா உம்ம ஆளுக்கில்ல தண்ணி கொடுத்தான்?"

"அப்போ அவன் யாரு ஆளு?"

 யாருடைய ஆள் என்று தெரியாதவனை வெளியே விட்டுவைப்பது ஆபத்து என்பதில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். அங்கேயே கூட்டு விசாரணை. உபதேசியார் ஆரம்ப ஜெபம் செய்தார். குற்றம், யுத்தத்துக்கு இடைஞ்சல். தண்டனை, முள்ளைப் பிடுங்கி மலைக்குத் துரத்துவது. இடப்பக்கம் கரடிகளுக்கு, வலப்பக்கம் பன்றிகளுக்கு.

பிடுங்க நின்ற வரிசையில் கால் நசுங்கிய சிப்பாயையும் நிறுத்தியிருந்தார்கள். அவன் அழுதான். "நான் மாட்டேன்னு சொன்னா என் தோலை உரிச்சிடுவாங்க அண்ணே."

"தெரியும்," என்றான் சற்குணம். "மெதுவா இழு. அந்தக் காலை ஊனாதே."

எல்லாம் முடிந்ததும் கிதியோனும் யோசுவாவும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பழகிப் பார்த்தால் மற்றவர் தங்கமானவர் என்று இருவருக்கும் தோன்றியது. சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது. பூ ஆளுக்குப் பாதி.

மறுவருஷம் ஒரு காலை, மலைமேல் மோட்சம் புருஷன் முதுகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கொக்கு மூச்சிரைக்கப் பறந்து வந்தார்.

"மரம் மறுபடி பூத்திருக்கு. பாதின்னா எந்தப் பாதின்னு தகராறு. ரெண்டு தளபதியும் முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க. போன தடவை உம்மாலதான் ஒற்றுமை வந்துது." கொக்கு கழுத்தை நீட்டி அவன் முதுகை எட்டிப் பார்த்தார். "முள்ளு முளைச்சிட்டுதா தம்பி?"

மோட்சம் துடைப்பத்தை எடுத்தாள். சற்குணம் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அரைவாசி முளைச்சிருக்கு ஐயா."

"அது போதும்."

"அடிபட்டு யாராவது கிடக்காங்களா?"

"ரெண்டு பேர்."

சற்குணம் எழுந்தான். மோட்சம் அவனைத் திட்டினாள், கொக்கைத் திட்டினாள், இரண்டு கரையையும் பெயர் சொல்லித் திட்டினாள். பிறகு அகலமாக இரண்டு தேக்கிலையைப் பறித்துக்கொண்டு முன்னால் இறங்கி நடந்தாள்.

நீதி: பகைவரை நேசிக்க விரும்புகிறவர்கள், பிடுங்கினால் மறுபடி முளைக்கும் இனமாகப் பார்த்துப் பிறப்பது நலம்.