தியோகுநாத சுவாமியும் என் கிட்னிக் கல்லும்

மாட்சிமை தங்கிய சாமி அவர்களுக்கு (மச்சினன் என்று எழுதத்தான் கை போகிறது, அங்கி போட்டவரை அப்படி எழுதினால் உங்கள் அக்கா எனக்குச் சோறு போடமாட்டாள்) மதலைமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் சுகம். குறுவை அறுப்பு முடிந்தது.

நேற்றைய விசாரணையைப் பற்றி மேலிடத்திலிருந்து உங்களுக்குச் சேதி வருமுன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நம் ஊர் வாய்க்காலை மண்வெட்டி பிடித்து வெட்டிய பழைய பங்குச் சாமியார் தியோகுநாத சுவாமி ‘வணக்கத்துக்குரியவர்’ பட்டத்தோடு நிற்கிறார், அவரை வேண்டி ஒரு புதுமை, அதாவது அற்புதம், நடந்தது நிரூபணமானால் ‘அருளாளர்’ ஆவார், அப்புறம்தான் புனிதர், அதற்காக நீங்கள் வருஷக்கணக்கில் அலைகிறீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாதா? என் கிட்னியில் இருந்த கொட்டைப்பாக்கு அளவு கல், சுவாமியை வேண்டியபின் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ஸ்கேனில் காணாமல் போய் டாக்டரே விழித்தபோது உங்களைவிட அதிகமாக அழுதவன் நான். விசாரிக்க வந்த சாமியார்களுக்கு விரால் குழம்பு வைத்தோம், எல்லாம் நல்லபடி போயிற்று. கடைசியில் பெரியவர், இந்தக் கல் கரைய வேறு யாரிடமாவது வேண்டினீர்களா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் உங்கள் அக்கா செங்கோல்மேரி திறந்துவிட்டாள். வேளாங்கண்ணி மாதாவுக்கு வெள்ளியில் கிட்னி நேர்ந்தது (கடையில் கண்ணும் காலும்தான் இருந்ததாம், ஆசாரி முந்திரிக்கொட்டை மாதிரி ஒன்று தட்டிக் கொடுத்தார்), கூத்தாநல்லூர் கமருன்னிஸா அக்கா நாகூரில் ஓதிக் கொண்டுவந்த தண்ணீர், பக்கத்து வயல் பஞ்சநதம் வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் கரைத்த வெல்லம், ஒன்று விடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்த சின்னச் சாமியார் பேனாவை மூடிவிட்டார். பெரியவர் பாவம், தியோகுநாத சுவாமியிடமாவது முதலில் கேட்டீர்களா அம்மா என்றார்.

“எல்லாருக்கும் ஒரே நாள்லதான் சொன்னேன் சாமி. ஒருத்தரை விட்டா அவங்க மனசு சங்கடப்படாதா?” என்றாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனா சாமி, யோசிச்சுப் பாருங்க. ஆத்துக்கரை உடைஞ்சா ஊரே ஆளுக்கொரு கூடை மண் கொட்டுது. தண்ணி நின்னப்புறம் எவன் கூடையில நின்னுச்சுன்னா கேக்குறோம்? வாய்க்கால் வெட்டுனவருக்கு இது தெரியாதா? இருந்தாலும் என்னால அவர் பட்டம் தள்ளிப்போச்சேன்னு வெட்கமா இருக்கு, நேத்துலேர்ந்து சோறு எறங்கலை. வலியில நான் கத்துனது அவர் பேரை மட்டும்தான்னு பைபிள்ல கை வச்சு எழுதித் தர்றேன். அதை வச்சு ஏதாச்சும் பார்த்துச் செய்யுங்க.

வயதில் மூத்தவனானாலும் உங்கள் ஆசீர்வாதத்துக்குத் தலை குனியும்,
அத்தான் மதலைமுத்து

பி.கு.: கவரை ஒட்டுமுன் இடுப்பில் அதே வலி, அதே இடம். ஸ்கேன் எடுத்தாயிற்று. கல் பத்திரமாக இருக்கிறது, போன தடவை ஸ்கேன் மிஷினுக்குத்தான் கண் தெரியவில்லையாம். ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. ஆனால் கவலைப்படாதீர்கள். இந்தமுறை சுவாமியை மட்டும்தான் கேட்டிருக்கிறேன், வேறு ஒருவருக்கும் மூச்சு விடவில்லை, கேஸ் சுத்தம். என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்ட செங்கோல்மேரி இப்போதுதான் கமருன்னிஸா அக்காவோடு நாகூர் பஸ் ஏறியிருக்கிறாள். அந்த பஸ் போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுத் தரச் சொல்லி நீங்களும் சுவாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.